காலைக் காட்சியும் கட்டியக்காரனும்

‘கல்ட்’ என்ற சொல் சில வருஷங்களாக நம் நண்பர்களின் வாயில் புழங்குகிறது. எந்தப் படங்களை ஒரு காலத்தில் முகத்தைத் துண்டால் மறைத்துக்கொண்டு பார்த்துவிட்டு வந்தார்களோ, அந்தப் படங்களுக்கெல்லாம் இப்போது இந்தப் பட்டம் வழங்கப்படுகிறது. எழுபதுகளின் கடைசியிலிருந்து தொண்ணூறுகளின் கடைசி வரை காலைக் காட்சிகளில் ஓடிய, கொஞ்சம் ஹாஸ்யமும் நிறைய முதுகும் தொடையுமாக எடுக்கப்பட்ட படங்கள். அவற்றின் சுவரொட்டிகளைச் சட்டம் போட்டு வீட்டு ஹாலில் மாட்டுகிறார்கள். வசனங்களைக் கைபேசியில் பரிமாறிக்கொள்கிறார்கள். போதாக்குறைக்கு, அவை நடுத்தர வர்க்கத்து ஒழுக்கப் பம்மாத்தைக் கிழித்த கலகம் என்று கட்டுரை வேறு. கட்டுரையில் பக்தின் பெயர் தவறாமல் வருகிறது. ஆர்வெல் பெயர், எழுதுகிறவருக்கு வயது ஐம்பதுக்கு மேல் இருந்தால் வருகிறது.

எனக்கு ஒழுக்க ரீதியான ஆட்சேபணை எதுவும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடம்பைப் பற்றிச் சிரிக்கக்கூடாது என்று சொல்ல நான் யார்? என் ஆட்சேபணை வேறு. நண்பர்கள் கொண்டாடுவது அந்தப் படங்களையும் இல்லை, அவற்றைப் பார்த்த மனிதர்களையும் இல்லை. தாங்களாகக் கற்பித்துக்கொண்ட ஒரு சிரிப்பைக் கொண்டாடுகிறார்கள். அந்தச் சிரிப்பு அந்தத் தியேட்டர்களில் இருந்ததில்லை. நான் உள்ளே உட்கார்ந்திருந்தவன்.

ஊர் செங்கல்பட்டு. சினிமா விநியோகஸ்தர்களின் தமிழ்நாடு சர்க்காரின் தமிழ்நாட்டிலிருந்து வேறுபட்டது. அவர்களுக்குச் சென்னை நகரம் ஒரு ஏரியா, மதுரை–ராமநாதபுரம் ஒன்று, திருச்சி–தஞ்சாவூர் ஒன்று, திருநெல்வேலி–கன்னியாகுமரி ஒன்று, கோவை, சேலம் தனித்தனி. மிச்சமிருக்கும் வடபகுதிக்கு ‘என்.எஸ்.சி.’ என்று பெயர். வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு. சர்க்கார் 1997இல் செங்கை மாவட்டத்தைக் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரித்துப் பழைய பெயரை ஒழித்தது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு மாவட்டம் என்று மறுபடி ஒன்றை உண்டாக்கியது. இடைப்பட்ட இருபத்திரண்டு வருஷமும் விநியோகஸ்தர்களின் கணக்குப் புத்தகத்தில்தான் அந்தப் பெயர் சாகாமல் கிடந்தது. இந்த வரைபடம் ஞாபகத்தில் இருக்கட்டும். பின்னால் வேண்டியிருக்கும்.

இந்த ஏரியாவில் எண்பதுகளில் ‘மலையாளப் படம்’ என்றால் ஒரே அர்த்தம்தான். 1978இல் பரதனின் ‘ரதிநிர்வேதம்’ வந்தது. பத்மராஜன் தன் நாவலிலிருந்து திரைக்கதை எழுதியது, ஒரு விடலைப் பையனின் மோகத்தையும் அதன் விளைவையும் கூச்சமில்லாமல் பார்த்த படம். அதே வருஷம் ஐ. வி. சசியின் ‘அவளுடெ ராவுகள்’. தம்பியைக் காப்பாற்ற உடம்பை விற்கும் பெண்ணின் கதை. இரண்டும் தத்தம் வழியில் பொறுப்புள்ள படங்கள்தாம். பத்து வருஷம் கழித்து 1988இல் பி. சந்திரகுமாரின் ‘ஆதிபாபம்’ ஆதாமையும் ஏவாளையும் சாக்காக வைத்துக்கொண்டு வருகிறது. மறு வருஷம் சில்க் ஸ்மிதா நடித்த ‘லயனம்’. ‘அஞ்சரைக்குள்ள வண்டி’யும் அந்தக் காலத்ததுதான், படத்தைப் பார்க்காதவர்கள்கூட அந்தத் தலைப்பைப் பழமொழி மாதிரி பயன்படுத்துகிறார்கள். பத்மராஜனுக்கும் இவற்றுக்கும் என்ன சம்பந்தம்? நம்மூர்ச் சுவரில் பசை காய்வதற்குள் எல்லாம் ஒன்றாகிவிட்டன. எந்தப் படமானாலும் சுவரொட்டியில் ஒரே ஈரச்சேலைதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மலையாள சினிமா நெடுங்காலம் சென்னையில்தான் தயாராயிற்று. பின்னால் நல்ல படங்கள் எல்லாம் கேரளத்துக்குத் திரும்பிப்போன பிறகும் இந்த ரகத்துக்குக் கோடம்பாக்கம் கைகொடுத்தது. தர்சனா ஸ்ரீதர் மினி 2024இல் வெளியிட்ட ‘ரேட்டட் ஏ’ என்ற ஆங்கில நூலில் இந்தத் தயாரிப்பு உலகம் விரிவாக வருகிறது; இந்தப் படங்களைப் பற்றி மரியாதையோடும் உழைப்போடும் எழுதப்பட்ட நூல், நம் நண்பர்கள் படித்திருக்கலாம். செங்கல்பட்டில் மின்சார ரயில் ஏறினால் கோடம்பாக்கத்தில் இறங்கலாம். அங்கே எடுத்த சரக்கை ‘மலையாளம்’ என்று சொல்லி இங்கே விற்றார்கள். அசிங்கம் என்றால் அது அடுத்த வீட்டிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும் என்ற நம் சௌகரியம்.

காட்சிக்கு வருகிறேன். டூரிங் கொட்டகையில் பகல் காட்சி சாத்தியமில்லை. கீற்றுக்கும் தட்டிக்கும் இடையில் வெயில் உள்ளே வந்துவிடும். ஆகவே காலைக் காட்சி என்பது சுவரும் கூரையும் உள்ள நிரந்தரத் தியேட்டர்களின் சமாசாரம். மற்ற மூன்று காட்சிகளுக்கு எம்.ஜி.ஆரின் பழைய படமோ ரஜினியின் புதுப்படமோ ஓடும் தியேட்டரில் பதினொரு மணிக்கு மட்டும் இது. எண்பதுகளின் தொடக்கம், நான் கல்லூரி மாணவன். வருகிறவர்கள் யார் யார் என்றால், லாரி டிரைவர்கள், கிளீனர்கள், கோர்ட்டில் வாய்தா வாங்கிவிட்டு அடுத்த பஸ் வரை நேரத்தைக் கொல்ல வேண்டியவர்கள், கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டுகிற வேலைக்கு வந்து குடும்பத்தைப் பார்த்து மாதக் கணக்கான வெளியூர்க் கூலிகள், என்னைப் போன்ற மாணவர்கள். விளக்கு அணைந்த பிறகு உள்ளே வருவார்கள். ஒரு நாற்காலி விட்டு ஒரு நாற்காலியில் உட்காருவார்கள். தெரிந்த முகத்தைப் பார்த்தால் இருவருமே பார்க்காததுபோல் இருந்துவிடுவார்கள். அந்த நாகரிகம் முதல் வகுப்பிலும் தரை டிக்கெட்டிலும் ஒன்றாகவே இருந்தது.

முதலில் தணிக்கைச் சான்றிதழ் திரையில் விழும். பெரிய ‘ஏ’. மூலையில் ஒரு முக்கோணம் இருக்கிறதா என்று கண்கள் தேடும். முக்கோணம் இருந்தால் படத்தில் தணிக்கைக்காரர்கள் வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். வெட்டியது எங்கேயோ இருக்கத்தானே வேண்டும்? எங்கேயோ இருந்தால் இங்கே வரலாம் இல்லையா? ஒரு தேசத்தின் தணிக்கை முத்திரையை இவ்வளவு நம்பிக்கையோடு வாசித்த ஜனங்கள் வேறு எங்கும் இருந்திருக்க முடியாது.

பிறகு படம். வேலைக்காரன் கதவிடுக்கில் எட்டிப் பார்த்து உள்ளே விழுவான். கிழட்டு முதலாளியின் வேஷ்டி அவிழும். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை எங்கேயோ வைப்பார். இவைதாம் ஹாஸ்யப் பகுதிகள். யாரும் சிரிக்கவில்லை. பீடி பற்றவைத்தார்கள். ஹாஸ்யம் என்பது படத்தின் நீளத்தை நிரப்புவதற்கும், தணிக்கைக்குழுவிடம் ‘இது கதைதான் ஸார்’ என்று சொல்வதற்கும் வைக்கப்பட்ட வைக்கோல் என்பது தரை டிக்கெட்டுக்குத் தெரியும். அது தெரியாதவர்கள் இன்றைய நண்பர்கள்தாம். நாற்பது வருஷம் கழித்து அந்த வைக்கோலை எடுத்துவைத்துக்கொண்டு ‘என்ன கற்பனை, என்ன அபத்தம்’ என்று வியக்கிறார்கள்.

இடைவேளைக்குப் பிறகு ‘பிட்’. எனக்கு ஒரு ஆபரேட்டரைத் தெரியும், தியேட்டர் பெயர் வேண்டாம். முந்நூறு அடி நீளத்தில் தனியாகச் சுருட்டி ஒரு தகர டப்பாவில் வைத்திருப்பார். முப்பத்தைந்து மில்லிமீட்டர் பிலிம் நிமிஷத்துக்குத் தொண்ணூறு அடி ஓடும். கணக்குப் பார்த்தால் மூன்று நிமிஷமும் சில விநாடியும். கதாநாயகி மாடிப்படி ஏறுவாள், கதவைத் திறப்பாள். உள்ளே ஐரோப்பாவின் அறை ஒன்று, வேறொரு பெண், ஜன்னலுக்கு வெளியே பனி பெய்கிறது. நிறமே வேறு, பிரிண்டின் கீறல்கள் வேறு. மூன்று நிமிஷம் கழித்து அதே கதவு, அதே கதாநாயகி, கையில் காப்பி டம்ளர். அந்த மூன்று நிமிஷத்தில் தியேட்டரில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும். அதிகாரிகள் யாராவது வந்திருக்கிறார்கள் என்று தகவல் வந்தால் அன்றைக்கு டப்பா திறக்காது. அன்று மட்டும்தான் சத்தம். நாற்காலிகள் உடையும்.

இதைக் கலகம் என்று எப்படிச் சொல்கிறார்கள்? யார் யாரை எதிர்த்தார்கள்? தயாரிப்பாளருக்கு லாபம், தியேட்டர்காரருக்கு லாபம், கண்டும் காணாமல் இருப்பவர்களுக்கு மாமூல். காசு கொடுத்து ஏமாந்துபோனவன் கிளீனர். அவன் சிரிக்கவில்லை, அவன் எதற்காக வந்தானோ அது தீவிரமான விஷயம், தனிமை சம்பந்தப்பட்டது. அவனுடைய தீவிரத்தைப் பார்த்துத்தான் இன்று சிரிக்கிறார்கள். டப்பிங் குரல், பெல்பாட்டம், பூப்போட்ட திரைச்சீலை, தொடையின் பருமன் என்று ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டிச் சிரிப்பதன் அடியில், ‘இதற்குப் போய் ஆசைப்பட்டார்களே இந்த ஆட்கள்’ என்ற சிரிப்பு இருக்கிறது. இதற்கு ‘கல்ட்’ என்று பெயர் வைத்தால் மட்டும் அது மேலிருந்து கீழே பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு இல்லை என்று ஆகிவிடுமா?

தமிழிலேயே நிஜமாக ஜனங்களைச் சிரிக்கவைத்த பாலுறவு ஹாஸ்யப் படம் உண்டே, அதை ஏன் விட்டுவிட்டாய் என்று கேட்கலாம். உண்டு. கே. பாலசந்தரின் ‘மன்மத லீலை’. பெண்பித்துப் பிடித்த கணவனாகக் கமல்ஹாசன். ‘ஏ’ சான்றிதழோடு வந்தது. பிறகும் பல வருஷம் காலைக் காட்சிகளில் திரும்பத் திரும்ப ஓடியது. 2022இல் வெங்கட் பிரபு அதே தலைப்பில் வேறொரு படம் எடுத்தார் என்றால் அந்தப் பெயருக்கு இன்னும் இருக்கிற கிறக்கம் தெரியும். சாமர்த்தியமான படம். அதை நான் குறைத்துப் பேசவில்லை.

ஆனால் அது வந்த தேதியைப் பார்க்க வேண்டும். 1976 பிப்ரவரி 27. தி.மு.க. அரசு கலைக்கப்பட்டது ஜனவரி 31. நெருக்கடி நிலை எட்டு மாதமாக நடந்துகொண்டிருக்கிறது. பத்திரிகைகளில் அரசியல் கேலிச்சித்திரம் போட முடியாது. அம்ரித் நஹாத்தா ‘கிஸ்ஸா குர்ஸி கா’ என்று ஒரு கேலிப்படம் எடுத்தார், நாற்காலி ஆசையைப் பற்றி. அதன் பிரிண்டுகளையும் நெகடிவையும் பறிமுதல் செய்து எரித்துவிட்டார்கள். மறுபடி முதலிலிருந்து எடுத்துத்தான் அவர் அதை வெளியிட முடிந்தது. ஆக, ஒரு சிரிப்பு எரிக்கப்பட்டது, ஒரு சிரிப்பு அனுமதிக்கப்பட்டது. பாலசந்தர் நெருக்கடி நிலைக்கு ஊழியம் செய்தார் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது அசட்டுத்தனம். எந்தச் சிரிப்பைப் பார்த்து அதிகாரம் பயப்படுகிறது, எதைப் பார்த்து அது தானும் சேர்ந்து புன்னகைக்கிறது என்பதுதான் என் கேள்வி. பிரேசிலில் ராணுவ ஆட்சி நடந்த எழுபதுகளில் ‘போர்னோஷஞ்சாடா’ என்று இதே மாதிரி ஹாஸ்யப் படங்கள் மலைமலையாக வந்தன. அரசியல் படம் எடுத்தவர்கள் நாட்டைவிட்டு ஓடிக்கொண்டிருந்த காலம் அது. அங்கேயும் பின்னால் வந்தவர்கள் சிலர் அவற்றில் கலகத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. 1977இல் ஜான் ஆபிரகாம் ‘அக்ரகாரத்தில் கழுதை’ எடுத்தார், வெங்கட் சாமிநாதன் திரைக்கதை. ஒரு கழுதையை வைத்துக்கொண்டு ஒரு சமூகத்தின் பாசாங்கைச் சிரித்த படம். தேசிய விருது வாங்கியது. தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் அது எந்தக் காட்சியில் ஓடியது? 1989இல் தூர்தர்ஷன் ஒளிபரப்புவதாக அறிவித்துக் கடைசி நேரத்தில் நிறுத்திவிட்டது. அதே 1989இல் ‘லயனம்’ தடையில்லாமல் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. ‘கல்ட்’ என்ற பட்டம் யாருக்காவது உண்டென்றால் அந்தக் கழுதைக்கு உண்டு.

ஆர்வெல்லை இழுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அவர் 1941இல் டொனால்ட் மெக்கில்லின் கடற்கரை அஞ்சலட்டைகளைப் பற்றி எழுதினார். கொழுத்த மனைவி, ஒல்லிக் கணவன், தேன்நிலவு ஜோடி என்று வரும் பச்சை நகைச்சுவை. ஒழுங்காக வாழ்கிற மனிதனுக்குள் சோம்பேறியான, தின்று தூங்க விரும்புகிற இன்னொருவன் இருக்கிறான், அந்த அட்டைகள் அவன் குரல் என்பது அவர் வாதம். சரி. ஆனால் அந்த அட்டைகளைக் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போனவர்கள் வாங்கி மாமியாருக்கு அனுப்பினார்கள். பகிரங்கமான சிரிப்பு. நம் சினிமாவில் அதற்கு நிகர் பாக்யராஜ்தான். ‘முந்தானை முடிச்சு’ 1983இல் வந்தது; முருங்கைக்காய் வாங்கப் போன பெண்கள் அதற்குப் பிறகு காய்கறிக்காரரின் முகத்தைப் பார்க்க முடியாமல் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் மனைவிக்கும் பங்கு இருந்தது. காலைக் காட்சியில் மனைவி கிடையாது. பெண்ணே கிடையாது, திரையில் தவிர.

பக்தினுக்குத் திருவிழா என்பது மேடையும் பார்வையாளனும் பிரியாத நிலை. எல்லோரும் உள்ளே. ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்து, அடுத்தவன் முகத்தைப் பார்க்காமல் எழுந்துபோன முந்நூறு ஆண்களை அவர் திருவிழா என்று ஒப்புக்கொண்டிருப்பாரா? ஆனால் அவர் சொன்ன திருவிழா இந்த மண்ணில் இல்லாமல் இல்லை. இப்போது அந்த வரைபடத்தை எடுங்கள். வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு. விநியோகஸ்தரின் என்.எஸ்.சி. ஏரியாவும் தெருக்கூத்தின் பூமியும் ஒன்றேதான், வரப்புக்கு வரப்பு. இதே ஜனங்கள்தாம் பகலில் காலைக் காட்சிக்கும் இரவில் கூத்துக்கும் போனார்கள்.

கூத்தில் கட்டியக்காரன் பேசுவது எந்த மலையாளப் படத்தையும்விடப் பச்சையானது. அச்சில் ஏற்ற இந்தப் பத்திரிகைக்கே தைரியம் வராது. கிழவிகள், கைக்குழந்தைக்காரிகள், பள்ளிக்கூடப் பையன்கள் எல்லோரும் முன்னால் உட்கார்ந்திருக்க, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பேசுகிறான். ராஜாவைப் பார்த்துப் பேசுகிறான், ஊர் நாட்டாமையை ஜாடையாகப் பேசுகிறான், தன் உடம்பைப் பற்றியே பேசிக்கொள்கிறான். யாரும் முகத்தை மறைத்துக்கொள்வதில்லை. ந. முத்துசாமியும் அவரோடு சேர்ந்தவர்களும் எழுபதுகளில் புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கூத்தைப் பார்த்துவிட்டுப் பரவசப்பட்டு எழுதியபோது, ‘கொச்சை’ என்று முகம் சுளித்தவர்கள் நம் இலக்கியக்காரர்களிலேயே உண்டு. அன்று சுளித்த முகத்தின் வாரிசுகள் இன்று ‘ஆதிபாப’த்தில் மக்கள் கலையைக் காண்கிறார்கள்.

கூத்தில் இன்னொன்று. திரௌபதியம்மன் திருவிழாவில் துகிலுரிதல் நடக்கும் ராத்திரி. ஒரு பெண்ணின் சேலையைச் சபை நடுவே உருவுவதுதான் கதை. இதைவிடப் பெரிய ‘பிட்’ உண்டா? துச்சாதனன் வேஷக்காரர் சேலையில் கை வைப்பதற்கு முன் கற்பூரம் ஏற்றிக் கும்பிடுகிறார், மன்னிப்புக் கேட்கிறார். திரௌபதி வேஷம் போட்டிருப்பவர் ஒரு ஆண் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் கேட்கிறார். அதுவரை வாய் ஓயாமல் பச்சையாகப் பேசிய கூட்டம் மௌனமாகிறது. அந்த மௌனத்தையும் தியேட்டரில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்ட மூன்று நிமிஷத்தையும் நான் ஒரே மாவட்டத்தில், ஏறக்குறைய ஒரே வயதில் கேட்டிருக்கிறேன். இரண்டுக்கும் உள்ள தூரத்தை விளக்க எந்த ஐரோப்பிய அறிஞரும் எனக்குத் தேவைப்படவில்லை.

இன்னும் பழைய கணக்கும் இருக்கிறது. செங்கல்பட்டுக்குக் கிழக்கே கூப்பிடு தூரத்தில் வல்லம் குகைக்கோயில், மகேந்திரவர்மன் காலத்தது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த ராஜா சமஸ்கிருதத்தில் ‘மத்தவிலாசப் பிரகசனம்’ எழுதினான். காஞ்சிபுரத் தெருவில் ஒரு காபாலிகனும் அவன் துணைவியும் குடித்துவிட்டுக் கபாலத்தைத் தொலைக்கிறார்கள். புத்த பிக்ஷு எடுத்ததாகச் சண்டை. கடைசியில் பார்த்தால் நாய் கவ்விக்கொண்டு போயிருக்கிறது. அந்தப் பிக்ஷு, மதுவும் மங்கையும் கூடாது என்று புத்தர் சொல்லியிருக்கவே மாட்டார், பொறாமை பிடித்த கிழவர்கள் மூலநூலில் அந்த இடத்தை வெட்டிவிட்டார்கள் என்று சந்தேகப்படுகிறான். முக்கோணத்தைத் தேடிய எங்கள் தரை டிக்கெட் இவனுடைய வம்சம். (ராஜா எல்லோரையும் கேலி செய்தான், ராஜாவை மட்டும் விட்டுவிட்டான் என்பதையும் கவனித்துக்கொள்ளலாம்.) மகேந்திரனுக்குப் பின் வந்தவர்கள் மாமல்லபுரத்துப் பெரும்பாறையில் தபசு செதுக்கியபோது, எலும்பும் தோலுமாகத் தவம் செய்கிற முனிவரோடு கூட, கைகளைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிற பூனை ஒன்றையும், அதை நம்பிச் சுற்றி விளையாடுகிற எலிகளையும் செதுக்கினார்கள். அந்தக் கல்லில் போலித் தவசிதான் சிரிப்புக்கு ஆளாகிறான். எலிகளைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

காஞ்சிபுரத்தில் பிறந்த அந்தப் பிரகசனத்தைக் காப்பாற்றி வைத்திருந்தவர்கள் யார்? மலையாள நாட்டுச் சாக்கியார்கள். கோயில்களில் நேர்த்திக்கடனாக ஆடினார்கள். 1917இல் திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரி அச்சில் போட்டார். நாம் அங்கிருந்து திரும்ப வாங்கிக்கொண்டது காலைக் காட்சியை.

போன மாசியில் மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு கடற்கரை விடுதியில் நண்பர்கள் இப்படி ஒரு படத்தைத் திரையிட்டார்கள். சவுக்குத் தோப்புக்கு நடுவே வெள்ளைத்துணி, பீர், வறுத்த நெத்திலி. அழைப்பில் ‘பெண்களும் வரலாம்’ என்று போட்டிருந்தது. இரண்டு பேர் வந்திருந்தார்கள். நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக இந்தப் படங்களுக்குச் சிரிப்புக் கேட்டேன். வேஷ்டி அவிழ்ந்தபோது சிரித்தார்கள், கதாநாயகி குளிக்கப் போனபோது அதைவிட உரக்கச் சிரித்தார்கள். அவள் வாயசைவுக்கு ஒருவர் சொந்த வசனம் போட்டார். விடுதிப் பையன்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றார்கள். அவர்கள் சிரிக்கவில்லை, அவர்கள் எங்கள் பழைய தரை டிக்கெட் மாதிரியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாத்திரம் எடுக்க வந்த ஒரு அம்மாள் திரையைப் பார்த்துவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டே வேலையை முடித்துவிட்டுப் போனாள். படம் முடிந்ததும் அந்த நடிகையின் பெயர் என்ன என்று கேட்டேன். எட்டுப் பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. டைரக்டர் பெயரும் விநியோகக் கம்பெனியின் பெயரும் தெரிந்திருந்தது.

இதுதான் என் கோபத்தின் மையம். விஜயலட்சுமி என்ற பெண் ஏலூர்ப் பக்கத்திலிருந்து வந்து, 1980இல் ‘வண்டிச்சக்கர’த்தில் சாராயக்கடைக்காரியாக நடித்து, அந்தப் பாத்திரத்தின் பெயரையே சுமந்துகொண்டு சில்க் ஸ்மிதா ஆகி, 1996 செப்டம்பர் 23 அன்று சென்னையில் இறந்துகிடந்தார். வயது முப்பத்தைந்து. 2011இல் அவர் சாயலில் ‘த டர்ட்டி பிக்சர்’ எடுத்தார்கள்; நடித்தவருக்குத் தேசிய விருது கிடைத்தது. ஷகீலா 1995இல் ஸ்மிதாவோடு ஒரு தமிழ்ப்படத்தில் தொடங்கி, 2000இல் ‘கின்னாரத் தும்பிகள்’ மூலம் கேரளத்துத் தியேட்டர்களையே கொஞ்சகாலம் தூக்கி நிறுத்தினார். தனக்குப் பதிலாக வேறு பெண்களை ‘டூப்’ வைத்துக் காட்சிகள் எடுத்துச் சேர்த்ததை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2013இல் மலையாளத்தில் சுயசரிதை வந்தது. பிறகு தொலைக்காட்சியில் சமையல் போட்டிக்கு வந்தபோது எல்லோரும் ‘அம்மா’ என்று கூப்பிட்டார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் அதற்குத் தகுதியானவர்தான். ஆனால் அந்த ‘டூப்’ பெண்கள் யார்? முகம் இல்லாதவர்கள், சான்றிதழிலும் எழுத்து ஓடும்போதும் பெயர் இல்லாதவர்கள், நாள் கூலிக்கு வந்தவர்கள். கலகம் நடந்தது என்கிறீர்களே, அது இவர்களுடைய உடம்பின் மேல்தானே நடந்தது? எத்தனை ரூபாய் கொடுத்தார்கள்?

ஒழுக்கக்காரர்களை விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அவர்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 2020இல் ‘இரண்டாம் குத்து’ விளம்பரத்தைப் பார்த்துப் பாரதிராஜா கண்டித்தார். உடனே அந்தப் படத்தின் இயக்குநர் 1981இல் பாரதிராஜா எடுத்த ‘டிக் டிக் டிக்’ படத்தின் நீச்சலுடை விளம்பரத்தை எடுத்துப் போட்டு, இதைப் பார்த்தால் மட்டும் கூசாதா என்றார். பிறகு வருத்தமும் தெரிவித்தார். தவம் செய்கிற பூனைக்கு இதைவிட நல்ல விளக்கவுரை கிடைக்காது. ஆனால் பூனையைக் காட்டிக்கொடுத்தவர் விற்ற சரக்கும் எலிகளுக்கு உபகாரமானது என்று ஆகிவிடாது.

நண்பர்கள் ஆராய்ச்சி செய்ய வேண்டுமென்றால் வேலை கிடக்கிறது. என்.எஸ்.சி. ஏரியாவின் பழைய விநியோகக் கணக்குகள் எங்கேயாவது இருக்கும். சாலிகிராமத்திலும் வடபழனியிலும் துணை நடிகைகளாக இருந்து இப்போது அறுபதைத் தாண்டிய பெண்கள் இருப்பார்கள். பெயரை வெளியிட வேண்டாம் என்பார்கள், வெளியிட வேண்டாம். ஒரு காட்சிக்கு என்ன கூலி, யார் கூட்டிக்கொண்டு போனார்கள், எந்தப் படத்துக்கு என்று சொல்லி எந்தப் படத்தில் சேர்த்தார்கள், இதையெல்லாம் அவர்கள் பேசினால் எழுதிக்கொண்டு வரட்டும். எத்தனை பக்கமானாலும் போடுவதாக ஆசிரியர் என்னிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார். பக்தின் இல்லாமல் அனுப்பினால் அடுத்த இதழிலேயே போடலாம் என்றும் சொன்னார்.